வேலைவாய்ப்பு அலுவலக இணையதளமும் 600 ரூபாய் உதவித்தொகையும்: பதிவு இருக்கிறது, உள்ளே போக முடியவில்லை

கரிசல்தம்பி

தங்கை பி.காம். முடித்து, பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது. வீட்டு வருமானமும் வரம்புக்குள்தான். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இறங்கி, முதல் படியிலேயே நிற்கிறோம்.

விண்ணப்பத்தோடு பதிவு அடையாள அட்டை வேண்டும். அட்டையை எடுக்க இணையதளத்துக்குள் போக வேண்டும். பாஸ்வேர்டு நினைவில்லை. மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. யாருடைய எண்ணுக்கோ போகிறது. விசாரித்துப் பார்த்ததில், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கொடுக்கும்போது பள்ளியிலேயே பதிவு செய்தார்களே, அப்போது நிறையப் பேருக்குக் கம்ப்யூட்டர் சாரின் எண்ணையே போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகளிடம் ஏது செல்போன்? பிறகு பட்டத்தைச் சேர்த்தது ஊரில் ஒரு ப்ரௌசிங் சென்டரில். மின்னஞ்சல் முகவரி அந்தக் கடைக்காரருடையது. கடை இப்போது ஜெராக்ஸ் கடையும் இல்லை, பேக்கரி.

அலுவலகத்துக்குப் போனால் "எல்லாம் ஆன்லைன்தான்" என்கிறார்கள். ஆன்லைனில் போனால் "உங்கள் மாவட்ட அலுவலகத்தை அணுகவும்" என்று வருகிறது. இதே சிக்கலில் மாட்டி வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேலூர்வாசி

முதலில் பழைய வழியை முயன்று பாருங்கள். பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு, நடுவில் சாய்கோடு. பயனர் பெயர் அட்டையில் இருக்கும் பதிவு எண்ணேதான்: மாவட்ட அலுவலகத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, பதிந்த ஆண்டு, ஆண் என்றால் எம், பெண் என்றால் எஃப், அப்புறம் எட்டு இலக்க எண். பலர் இடறி விழுவது இந்தக் கடைசி எண்ணில்தான். உங்கள் எண் 7502 என்றால் 00007502 என்று முன்னால் சைபர் போட்டு எட்டாக்க வேண்டும்.

அது வேலை செய்யவில்லை என்றால் அசல் அட்டை, ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், கைபேசி எண்ணை மாற்றித் தரச் சொல்லி எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். வாயால் கேட்டால் "ஆன்லைன்" என்றுதான் பதில் வரும். மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினால் ஆள் எழுந்து வருவார்.

இன்னொன்று, புதுப்பித்தல் தேதியையும் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதம் சலுகைக் காலம் உண்டு. அதையும் விட்டால் மூப்பு, அதாவது பதிந்த நாளிலிருந்து வரும் வரிசை, போச்சு. உதவித்தொகைக்கும் பதிவு விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரவுப்பணி

மேலே சொன்னதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பயனர் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கிறது. பாஸ்வேர்டு பிறந்த தேதி, அது மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. அதாவது நீங்கள் எந்த வேலைக்கு இரண்டு ஜெராக்ஸ் கொடுத்தாலும், வாங்கியவர் உங்கள் கணக்குக்குள் போய் முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மாற்றலாம். ஒரு மாநிலத்தின் அத்தனை வேலை தேடுவோரின் விவரத்துக்கும் போட்ட பூட்டு இது!

எங்கள் ஊர் ப்ரௌசிங் சென்டரில் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். யார் யார் பதிவு எண், என்ன பாஸ்வேர்டு, எப்போது புதுப்பிக்க வேண்டும், எல்லாம் பால் பாயின்ட் பேனாவில். சொல்லப்போனால் அந்த நோட்டு அரசுத் தளத்தைவிட ஒழுங்காக வேலை செய்தது. புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தால் கடைக்கார அண்ணன் போன் போட்டுக் கூப்பிடுவார். அந்த ஒரு குறுஞ்செய்தியைத் தளம் அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்கு மூப்பு போயிருக்காது.

பழையபதிவேடு

இந்தத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். திட்டுவதைத் திட்டுங்கள், ஆனால் தளம் ஏன் இப்படி இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

எங்கள் காலத்தில் ஒருவர் பதிந்தால் எக்ஸ் 1 என்ற அட்டை அலுவலகத்தில் இருக்கும், எக்ஸ் 10 அவர் கையில் போகும். எக்ஸ் 1-இல் படிப்பு, சாதி, முன்னுரிமை, தொழில் வகைப்பாட்டு எண்ணான என்.சி.ஓ. குறியீடு. காலியிடம் வந்தால் அந்தக் குறியீட்டு அடுக்கை எடுத்து, மூப்பு வரிசையில் பெயர்களை அனுப்புவோம். இணையதளம் வந்தபோது அந்த அட்டைப் பெட்டியைத்தான் கணினிக்குள் வைத்தார்கள். அது வேலை தேடும் தளமாக ஒருநாளும் இருந்ததில்லை. நீங்கள் தேட முடியாது. உங்களை அவர்கள் தேடுவார்கள் என்பதுதான் அதன் அமைப்பு.

அப்படித் தேடுவதும் குறைந்துபோனது. 1996-இல் உச்ச நீதிமன்றம், ஆந்திர கலால் துறை சம்பந்தப்பட்ட விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் செய்தித்தாள் போன்றவற்றிலும் விளம்பரம் செய்து, வருகிறவர்களையும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். மூப்பின் எடை அன்றே குறைந்தது. இடைநிலை ஆசிரியர் நியமனம் மட்டும் அதன் பிறகும் மாநில அளவிலான பதிவு மூப்பில் நடந்தது. 2012-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த பின் அதுவும் முடிந்தது. டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கு மூப்பே கணக்கில்லை. இன்றைக்கும் உயிர்ப்பதிவேட்டில், அதாவது நடப்பில் இருக்கும் பதிவுகளின் பட்டியலில், லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர், அலுவலக உதவியாளர் மாதிரி சில இடங்களுக்குப் பரிந்துரைப் பட்டியல் போகும், அவ்வளவுதான்.

ஆகவே பிள்ளைகள் புதுப்பிக்க மறப்பதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கடிதமும் வராத கணக்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

தேனிச்சாரல்

ஐயா, எல்லாம் சரி. வேலை தராத தளத்தில் பெயரை உயிரோடு வைத்திருந்தால்தான் உதவித்தொகை என்பதில் என்ன பொருள் இருக்கிறது? அப்புறம் அந்தத் தொகையைப் பற்றியும் யாராவது பேசுங்கள்.

2006-இல் திட்டம் தொடங்கியது. இப்போதைய தொகை, பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் விடுகிற அறிவிப்புகளில் இருப்பது இந்த எண்கள்தான். காலாண்டுக்கு ஒருமுறை வங்கியில் 1800 விழும். மூன்று வருடம் முழுதாக வாங்கினால் 21,600. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. பொறியியல் படித்துவிட்டு உணவு டெலிவரி பண்ணுகிறவன் இந்தக் கணக்கில் வேலையில்லாதவனே இல்லை.

குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000. மாதம் 6000. நூறு நாள் வேலையின் கூலி 2025-26-க்கு நாளொன்றுக்கு 336. அந்தக் கணக்கில் அப்பாவோ அம்மாவோ மாதத்தில் 18 நாள் கூலி வேலைக்குப் போனாலே குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்பு இரண்டரை லட்சம், தொகை 1000. ஒரே வீட்டில் அம்மா உரிமைத்தொகைக்கு ஏழை, மகள் உதவித்தொகைக்குப் பணக்காரி. இரண்டையும் போட்டது ஒரே அரசாங்கம்தான்.

மேலூர்வாசி

தொகை குறைவு என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வாங்காமல் விடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு விண்ணப்பக் கட்டணம், பஸ் காசு அதில் ஓடும். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், அரசு வேலைக்குப் பெயர் போகாது என்று ஒரு வதந்தி உண்டு. அது பொய். பதிவும் மூப்பும் அப்படியே இருக்கும், பரிந்துரைக்கும் தடையில்லை.

விழியன்

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வைத்துத்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு விதி கொஞ்சம் இளகியது: பதிந்து ஒரு வருடம் போதும், வருமான வரம்பு இல்லை, பத்து வருடம் வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டத்துக்கு 1000.

ஆனால் நுழைவுப் பக்கத்தில் படத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கட்டம் வந்தால் எனக்கு அங்கேயே முடிந்தது. ஒலி வடிவம் இல்லை. பெயரிடாத பொத்தான்கள் என் காதில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று வரிசையாக விழும். எது சமர்ப்பிப்பது, எது அழிப்பது? ஒருமுறை நிரப்பிய விவரம் முழுவதையும் அழித்திருக்கிறேன்.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துத்தான் செய்வது. பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவனுக்குத் தெரியும். நல்ல பையன்தான். ஆனாலும் அவன் நல்லவனாக இருப்பதை நம்பித்தான் என் கணக்கு இருக்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலைத்தளங்கள் எங்களுக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தளத்திலேயே அது நடக்கவில்லை என்றால் தனியாரை என்ன சொல்வது?

இரவுப்பணி

விழியன் சொன்னது எனக்கு உறைத்தது. நாமெல்லாம் ஓ.டி.பி.யில் நிற்கிறோம், இவர் வாசலிலேயே நிற்கிறார்.

தேடுவதற்கென்றே இருக்கும் அரசுத் தளங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவைத் தளம், என்.சி.எஸ். என்பார்கள், 2015-இல் வந்தது. தமிழக அரசின் தனியார் துறை வேலைத் தளம் 2020-இல் வந்தது. இரண்டும் இலவசம். இரண்டிலும் பதிந்தேன். என் அனுபவத்தில், மதுரை என்று போட்டுத் தேடினால் ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் வரும். பாதி விளம்பரம் ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளுடையது. சம்பளம் "10,000 முதல் 40,000 வரை" என்று இருந்தால் அது பத்துதான். அழைத்தால் "அந்த வேகன்சி முடிந்துவிட்டது, வேறொன்று இருக்கிறது" என்பார்கள். அப்புறம் பதிந்த சில நாளில் "அரசுத் தளத்திலிருந்து பேசுகிறோம், நேர்காணலுக்குப் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பு வரும். அந்தத் தளத்தில் எதற்கும் கட்டணம் இல்லை. அந்த அழைப்பு வந்தாலே மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோபம் இதுதான்: விண்ணப்பிக்கும் நமக்கு ஆதார், வருமானச் சான்று, வருவாய் ஆய்வாளர் கையொப்பம். விளம்பரம் போடுகிறவனிடம் அதில் பாதியாவது கேட்டுச் சரிபார்க்கக் கூடாதா?

தேம்ஸ்கரை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் இருக்கிறேன். உங்கள் கதையை வாசிக்க எங்கட பழைய கதை ஞாபகம் வருகிறது.

இங்கே 2012 நவம்பரில் யூனிவர்சல் ஜாப்மாட்ச் என்று அரசாங்கம் ஒரு வேலைத் தளம் தொடங்கியது. நடத்தியது மான்ஸ்டர் கம்பனி. அடுத்த மாதமே ஒரு தொலைக்காட்சிச் செய்திப் பிரிவு, போலி முதலாளியாகப் பதிந்து வேலை தேடும் ஆட்களின் தனிப்பட்ட விபரங்களை எவ்வளவு சுலபமாக வாங்கலாம் என்று காட்டியது. ஒரே வேலையை ஊர் ஊராகத் திருப்பித் திருப்பிப் போட்ட விளம்பரங்கள், இல்லாத வேலைகள் எல்லாம் நிறைந்து, 2014-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விளம்பரங்களை நீக்க வேண்டிவந்தது. 2018 மே மாதத்தில் அந்தத் தளத்தையே விட்டுவிட்டு ஃபைன்ட் எ ஜாப் என்று வேறொன்றைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கொடுமை தளத்தில் இல்லை. அதில் நீங்கள் எத்தனை விண்ணப்பம் போட்டீர்கள் என்பதை வைத்து உதவிப்பணத்தை நிறுத்தலாம் என்பதில்தான் இருந்தது. அப்போது 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்குக் கிழமைக்கு 71 பவுண் 70 பென்ஸ். அதையும் நிறுத்தினால்? 2012 ஒக்டோபரில் வந்த விதிப்படி ஆகக்கூடிய தண்டனை மூன்று வருடம். 2019-இல்தான் அதை ஆறு மாதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். இல்லாத வேலைக்கு விண்ணப்பித்தாலும் கணக்கில் ஏறும். பக்கத்துக் கடையில் நேரே போய்க் கேட்டதற்குச் சான்று இல்லை. ஆட்கள் வேலை தேடுவதை விட்டுவிட்டு, தேடியதாகக் காட்டுவதில் நேரத்தைச் செலவழித்தார்கள்.

தங்கள் கணக்கை ஜாப்சென்டர், அதாவது இங்கத்தைய அரசு வேலைவாய்ப்பு அலுவலகம், பார்க்க அனுமதி கொடுக்காமல் விடலாம் என்ற உரிமை இருந்தது. கனபேருக்கு அது தெரியாது. ஆங்கிலம் குறைந்த எங்கட பெரியவர்களுக்கு அதை ஆர் சொல்லிக் கொடுத்தது? பிள்ளைகள் பள்ளியால் வந்து தாய்க்குப் பதிலாகப் பொத்தானை அமத்தின வீடுகள் எனக்குத் தெரியும்.

இப்போது அந்த உதவிப்பணத்துக்குப் பெயர் யூனிவர்சல் கிரெடிட். அதன் இணையக் கணக்கில் ஜேர்னல் என்று ஒரு பக்கம். அதில் வரும் செய்தியைப் பார்க்காமல் சந்திப்பைத் தவறவிட்டால் பணம் வெட்டுவார்கள். கிழமைக்கு 35 மணித்தியாலம் வரை தேட வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. முதல் பணம் வர ஐந்து கிழமை.

தேனிச்சாரல்

தேம்ஸ்கரை அண்ணா, 2025-26-க்கு 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 400 பவுண்டு, வாடகைக்குத் தனி உதவி. எங்கள் 600 ரூபாயை அதோடு வைத்துப் பேசினால் சிரிப்பார்கள்.

தேம்ஸ்கரை

தங்கச்சி, 400 பவுணில் லண்டனில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ. நான் தொகையை ஒப்பிடவில்லை. இங்கே பொத்தானை அமத்தாவிட்டால் அடுத்த மாதக் காசு போகும். உங்களிடம் பொத்தானை அமத்தாவிட்டால் பதினைந்து வருட மூப்புப் போகும். இரண்டு இடத்திலும் பொய் விளம்பரம் போட்டவனுக்கு ஒன்றும் போகாது.

பழையபதிவேடு

அந்தக் கடைசி வரிக்கு ஒரு சட்டக் குறிப்பு. 1959-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டப்படி, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடங்களை எங்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிக்காவிட்டால்? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம் இருந்தது. மறுபடி செய்தால் 1000. எங்கள் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் நிறுவனங்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இந்தச் சட்டம் கரைக்கப்பட்டது. பெயர் இனி வாழ்க்கைத்தொழில் மையம், எண்ணிக்கை 20 பேர். அறிவிக்க வேண்டும், ஆனால் எடுக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அப்படியேதான்.

நிறுவனங்கள் உண்மையான காலியிடத்தைப் போடாதவரை எந்தத் தளத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் உள்ளே இருப்பது ஏஜென்சி விளம்பரம்தான். இரவுப்பணி கேட்ட சரிபார்ப்பு வருவது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆள் வேண்டுமே! மாவட்ட அலுவலகங்களில் எத்தனை நாற்காலி காலி என்று போய்ப் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே வேலை நிரப்பப்படவில்லை.

கரிசல்தம்பி

எல்லோருக்கும் நன்றி. கம்ப்யூட்டர் சார் இன்னும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறார். "என்னிடம் எத்தனை பேர் ஓ.டி.பி. கேட்கிறீர்கள் தெரியுமா, ஒரு செட்டே இருக்கிறீர்கள்" என்று சிரித்துவிட்டு எடுத்துச் சொன்னார். உள்ளே போய் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிவிட்டோம். புதுப்பித்தல் சலுகைக் காலத்துக்குள் இருந்தது, தப்பித்தது.

அட்டையும் வந்துவிட்டது. இப்போது விண்ணப்பப் படிவம். தளத்திலிருந்து அச்செடுத்தேன். வருமானத்துக்கு வருவாய் ஆய்வாளர் கையொப்பமும் முத்திரையும், பிறகு நேரில் சமர்ப்பிப்பு. இதற்கா இத்தனை பாஸ்வேர்டு? பதிவு மட்டும் ஆன்லைன், பணம் என்று வந்தால் காகிதம்.

இரண்டு கேள்வி. தங்கை அஞ்சல் வழியில் எம்.காம். படிக்கிறாள், அது தடையா? நடுவில் தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தால் என்ன ஆகும்?

மேலூர்வாசி

தொலைதூரக் கல்வி தடையில்லை. கல்லூரிக்குத் தினமும் போய்ப் படித்தால்தான் கிடைக்காது. வேலை கிடைத்தால் உதவித்தொகை நிற்கும், மறைக்க வேண்டாம். ஏனென்றால் எந்த வேலையிலும் இல்லை என்று வருடாவருடம் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கொடுக்க மறந்தாலும் பணம் நிற்கும், அதற்கும் தளத்திலிருந்து செய்தி வராது. செல்போனில் நீங்களே நினைவூட்டல் போட்டுவிடுங்கள். தனியார் வேலைக்குப் போனதால் மட்டும் பதிவு போகாது.

ஆய்வாளர் கையொப்பத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு வி.ஏ.ஓ.வை முதலில் பாருங்கள், அவர் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர் சீக்கிரம் போடுவார். வங்கிக் கணக்கு தங்கையின் பெயரில் தனிக் கணக்காக இருக்கட்டும்.

விழியன்

கரிசல்தம்பி, அந்த அலுவலகத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கும். டி.என்.பி.எஸ்.சி.க்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். நான் எங்கள் மாவட்டத்தில் போகிறேன், நன்றாக இருக்கிறது. படிவம் கொடுக்கப் போகிற அன்றே தங்கை பெயரையும் அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரவுப்பணி

தனியார் துறை முகாமும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் அங்கேயே நடக்கும். வருகிற நிறுவனத்தின் ஆளை நேரில் பார்த்துச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். உண்டா, எந்த ஊர் என்று கேட்டுவிடலாம். தளத்தில் அந்த மூன்றும் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. பயோடேட்டா நான்கைந்து நகல் கையில் இருக்கட்டும், அங்கே ஜெராக்ஸ் கடையில் கூட்டமாக இருக்கும்.